“எல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை”: குழந்தைகளின் பேச்சு, மொழிக் குறைபாடுகள்

மூன்று வயதுப் பையன். “கண்ணா, அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வா” என்கிறார் அம்மா. சொல்லும்போதே அவர் கண் வாசல் பக்கம் போகிறது, கை செருப்பைக் காட்டுகிறது, கிளம்பும் நேரம் என்பதால் பையும் தோளில் ஏறிவிட்டது. பையன் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து வருகிறான். “பார்த்தீர்களா? எல்லாம் புரிகிறது. பேச்சுதான் வரவில்லை.”

எதிரே இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறார். பார்வையைப் பையனின் முகத்தைவிட்டு நகர்த்தாமல், “பந்தைப் பெட்டிக்குக் கீழே வை” என்கிறார். பையன் பந்தை எடுக்கிறான், பெட்டிக்குள் போடுகிறான், பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்து பார்க்கிறான். “காரைப் பெட்டிக்குப் பின்னால் வை.” காரும் பெட்டிக்குள் போகிறது. காட்டிக்கொடுக்க எழுந்த அம்மாவின் கை பாதியில் நிற்கிறது.

பந்து, கார், பெட்டி என்ற சொற்கள் பையனுக்குத் தெரியும். ஒரு பொருளும் ஒரு பெட்டியும் கண்ணெதிரே இருந்தால் பொருளைப் பெட்டிக்குள் போடுவதுதான் வழக்கம் என்கிற உலக அறிவும் இருக்கிறது. ‘கீழே’, ‘பின்னால்’ இரண்டும் காதில் விழுந்தன, பொருளாக மாறவில்லை. செருப்பு விஷயத்தில் அவன் புரிந்துகொண்டது அம்மாவின் வாக்கியத்தை அல்ல, அம்மாவை.

இது பெற்றோரின் தவறு இல்லை. வாயிலிருந்து வரும் சொல்லை எண்ணலாம். உள்ளே போகும் சொல்லை எண்ண முடியாது. அதனால்தான் குழந்தையின் பேச்சில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் எல்லோரும் முதலில் வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர் பார்க்கும் வரிசை வேறு. முதலில் காது, அடுத்து புரிதல், அதற்கும் அடியில் பிறரோடு எதையாவது பகிர்ந்துகொள்ளும் ஆசை. வாய்க்குக் கடைசியில்தான் வருவார். இந்த வரிசை மாறிப்போவதால் இழக்கப்படும் மாதங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

பேச்சு, மொழி என்ற இரண்டு சொற்களையும் அன்றாடத்தில் ஒன்றாகவே புழங்குகிறோம். இந்தத் துறையில் அவை வெவ்வேறு. பேச்சு என்பது ஒலியை உண்டாக்கும் வேலை: மூச்சு, குரல்நாண், அண்ணம், நாக்கு, உதடு எல்லாம் சேர்ந்து செய்வது. மொழி என்பது அந்த ஒலிகளுக்குப் பின்னால் இருக்கும் சொற்களும், அவற்றைக் கோக்கும் இலக்கணமும், எந்த இடத்தில் யாரிடம் எதைச் சொல்வது என்கிற நடைமுறையும். ‘ர’ வராமல் ‘லாஜா வந்தான்’ என்று சொல்லும் பிள்ளைக்குப் பேச்சில் சிக்கல், மொழி பழுதில்லை. எல்லா எழுத்தையும் திருத்தமாக உச்சரித்துக்கொண்டு, “நேற்று நான் போவேன், அவன் எனக்கு அடிச்சான்” என்று காலமும் வேற்றுமையும் குழம்பிப் பேசும் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு சுத்தம், சிக்கல் மொழியில். காது கேளாமல் கையால் சைகை மொழி பேசும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்: பேச்சே இல்லாமல் முழு மொழி இருக்க முடியும். முதல் வகையை அடுத்த வீட்டுக்காரரும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் வகை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

காதிலிருந்து தொடங்குவோம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குச் செவித்திறன் குறைபாடு பிறவியிலேயே இருக்கிறது. பின்னால் நின்று கைதட்டினால் திரும்புகிறான், தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறான், ஆகவே காது கேட்கிறது என்று முடிவு கட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது. கைதட்டும்போது காற்று அசைகிறது, நிழல் விழுகிறது, எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது. தட்டு விழும் ஓசையோ மிகப் பெரியது. மொழிக்குத் தேவைப்படுவது மெல்லிய ஓசை. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் உரக்க ஒலிப்பவை. ‘ச’, ‘ஸ’ போன்றவை உயர்ந்த சுருதியில் மெலிதாக வருபவை. உயர் சுருதி மட்டும் கேட்காத குழந்தை பெயர் சொன்னால் திரும்பும், பாட்டுக்கு ஆடும். அதன் காதுக்கு வந்து சேரும் வாக்கியம் மட்டும் பாதி எழுத்து அழிந்த கடிதம்.

இதற்குக் கைதட்டல் போதாது, கருவி வேண்டும். உட்காது தானே ஒரு நுண்ணிய எதிரொலியை வெளியே அனுப்புகிறது என்பதை 1978இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். அதை அளக்கும் சோதனைதான் இன்று பிறந்த குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் செய்யப்படுகிறது. அதில் ஐயம் வந்தால், ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ சோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுதும் சொல்லப்படும் கணக்கு. பிறந்தபோது தேறிய காது அப்படியே இருக்கும் என்பதும் இல்லை. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மந்தமாகும். வலி இருக்காது. ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்ற பட்டம் மட்டும் கிடைக்கும். பேச்சில் தாமதம் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் செவிச் சோதனை முதலில் என்று தொழில் தெரிந்தவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஆறு மாதம் என்ற கணக்கில் ஏன் இத்தனை அவசரம்? காது மொழியைப் பழகுவது நாம் நினைப்பதைவிட மிக முன்னால் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு அம்மாவின் குரலை வேறு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்று 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் சுவையானது. நாம் ‘பத்து’, ‘பட்டு’ என்று எளிதாகப் பிரிக்கும் த, ட வேறுபாட்டை, இந்தி ஒலிகளைக் கொண்டு, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே இல்லை. ஆறேழு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. முதல் சொல் வாயில் வருவதற்கு முன்பே, தன் மொழிக்கு எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்று காது தரம் பிரித்து முடித்துவிடுகிறது.

அதே ஒரு வயதுவாக்கில் இன்னொன்றும் நடக்கிறது. குழந்தை விரல் நீட்டுகிறது. எட்டாத பொம்மையை எடுத்துத் தரச்சொல்லி நீட்டுவது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தைக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு ஒன்று. இரண்டாவதில் குழந்தைக்கு ஒன்றும் வேண்டியதில்லை, ‘நீயும் பார்’ என்பதுதான் செய்தி. மொழி முளைப்பது இந்த இடத்தில். ஒன்றே கால் வயது, ஒன்றரை வயதிலும் எதையும் காட்டாத, பெயர் சொன்னால் திரும்பாத குழந்தையிடம் ஆட்டிசத்துக்கான மதிப்பீட்டையும் சேர்த்தே செய்யச் சொல்வார்கள். இருந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் நிறையவே பேசுவார்கள், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். “தண்ணீர் வேண்டுமா?” என்றால் “தண்ணீர் வேண்டுமா” என்றே பதில் வரும். பயனற்ற எதிரொலி என்று இதை ஒரு காலத்தில் அடக்கப் பார்த்தார்கள். இப்போது அதைக் குழந்தை மொழிக்குள் நுழையும் ஒரு வழியாகவே பார்க்கிறார்கள். அந்த எதிரொலிக்குப் பின்னால் பல சமயம் உண்மையிலேயே தாகம் இருக்கிறது.

இனி, பெரும்பாலான பெற்றோர் கேட்கும் கேள்வி: இரண்டு வயதாகிறது, இன்னும் பேசவில்லை, காத்திருக்கலாமா? பொதுவாக முதல் சொல் ஒரு வயதை ஒட்டி வருகிறது. இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும், ‘அம்மா வா’, ‘பால் இல்லை’ என்று இரண்டிரண்டாகக் கோக்கவும் வேண்டும். இதற்குக் குறைந்தால் ‘தாமதப் பேச்சு’ என்று குறித்துக்கொள்வார்கள். லெஸ்லி ரெஸ்கோர்லா 1989இல் வெளியிட்ட சொற்பட்டியலிலிருந்து பரவலான அளவுகோல் இது. அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். “இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்” என்பதற்கு இங்கேதான் அடித்தளம். ஆனால் அந்த வாக்கியத்தை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது குடும்ப வரலாறு. இந்தக் குறைபாடுகள் குடும்பத்தில் இறங்குபவை. அதே தகவலைக் கேட்டு மருத்துவரின் கவனம் கூடுகிறது, தாத்தாவின் கவலை குறைகிறது.

யார் எட்டிப்பிடிப்பார், யார் பின்தங்குவார் என்று இரண்டு வயதில் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. குறி மட்டும் சொல்லலாம். புரிதல் வயதுக்கு ஏற்றதாக இருந்து, விரல் காட்டி, சைகை செய்து, பொம்மைக்குச் சோறூட்டி விளையாடும் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். புரிதலும் குறைவு, சைகையும் குறைவு, குடும்பத்திலும் ஒருவருக்கு இருந்தது என்றால் காத்திருப்பதில் லாபம் இல்லை. ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்பதும் முழுப் பொய் அல்ல, சராசரியில் சிறிய வேறுபாடு உண்டு. அது சில வாரக் கணக்கு. ஒன்றரை ஆண்டுத் தாமதத்துக்கு அந்தச் சால்வையைப் போர்த்த முடியாது.

எட்டிப்பிடிக்காமல் நிற்பவர்களில் ஒரு பெரும் கூட்டம் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கும், ஆட்டிசம் இல்லை, மூளையில் காயம் இல்லை, அறிவுத்திறனில் பெரிய குறை இல்லை. மொழி மட்டும் பிடிபடுவதில்லை. இதற்குப் பல பத்தாண்டுகளாக ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். டோரதி பிஷப் முன்னின்று, துறை வல்லுநர்கள் பலர் சேர்ந்து விவாதித்து, 2017இல் ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்ற ஒரே பெயரில் உடன்பட்டார்கள். எவ்வளவு பேருக்கு? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 7,000க்கும் மேற்பட்ட ஐந்தாறு வயதுக் குழந்தைகளிடம் தொடங்கி ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்விலும், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நடந்து 2016இல் வெளியான ஆய்விலும் விடை சுமார் 7 சதவீதம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிடப் பரவலான இந்தக் குறைபாட்டின் பெயரைப் பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. அயோவா ஆய்வில் கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோரில் 29 சதவீதம் பேருக்கு மட்டுமே அதற்கு முன் யாராவது இதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

ஏன் இது கண்ணில் படுவதில்லை? இந்தக் குழந்தைகள் பேசுகிறார்கள் என்பதுதான் காரணம். சிலர் கலகலவென்றே பேசுவார்கள். சற்று நேரம் காது கொடுத்தால்தான் தெரியும்: ‘அது’, ‘இது’, ‘அந்த மாதிரி’ என்ற சொற்கள் அளவுக்கு மேல் வருகின்றன, கதை சொன்னால் யார் யாரைத் துரத்தினார் என்பது பிடிபடுவதில்லை. வகுப்பில் “நோட்டை மூடிவிட்டு, படம் வரைந்தவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்” என்றால் ஒரு நொடி தாமதித்து, பக்கத்துப் பையன் என்ன செய்கிறான் என்று பார்த்து அதையே செய்வார்கள். கேட்டால் தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள். ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதுதான் சிக்கலில்லாத விடை என்பதை மட்டும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் குறிப்பேட்டில் ஏறுவது வேறு: கவனம் இல்லை, சோம்பல், அடம். கணக்கு வரவில்லை என்று அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலருக்குக் கூட்டல் கழித்தல் வரும். ‘ராமுவிடம் இருப்பதைவிட இரண்டு குறைவாக’ என்ற வாக்கியம்தான் வராது.

இங்கே தமிழின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நாயைப் பூனை துரத்தியது.’ இந்த வாக்கியத்தைச் சொல்லி இரண்டு படங்களை வைத்து, எது சரி என்று கேட்டால், சொல்வரிசையை மட்டும் நம்பும் குழந்தை நாய் துரத்தும் படத்தைத்தான் தொடும். முதலில் வந்தது நாய். நாய் பூனையைத் துரத்துவதுதான் உலக வழக்கமும்கூட. நாயோடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ‘ஐ’தான் கதையை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் இந்தக் குறைபாடு வினையின் காலவிகுதிகளை விட்டுவிடுவதில் பளிச்சென்று தெரியும். இத்தாலியத்தில் வினையோடு ஒட்டிக்கொள்ளும் சிறு பிரதிப்பெயர்கள் காணாமல்போகும். ஒரே குறைபாடு, ஒவ்வொரு மொழியிலும் அந்தந்த மொழியின் மெல்லிய இடத்தில் ஓட்டை போடுகிறது. ஆகவே ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தமிழ்க் குழந்தையை அளப்பது, மீட்டர் அளவுகோலால் எடை பார்ப்பது போன்றது.

மொழி எதுவானாலும் ஓரளவு கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. பொருளே இல்லாத ஒரு சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ‘பிலோகு’ என்றால் எல்லாக் குழந்தைகளும் சொல்லிவிடும். ‘தமிரூகாலேனி’ என்று நீளும்போது மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலர் தடுமாறுவார்கள். தெரிந்த சொல்லின் துணை இல்லாமல் ஒலிவரிசையை நினைவில் பிடித்துவைப்பது அவர்களுக்குக் கடினம். குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், எந்தப் புதுச் சொல்லும் முதல் தடவை கேட்கும்போது பொருளற்ற ஒலிதான். பிறர் சில தடவை கேட்டுப் பிடித்துக்கொள்ளும் சொல்லுக்கு இவர்களுக்கு இன்னும் பல தடவை தேவைப்படுவதன் காரணம் இதில் ஓரளவு தெரிகிறது.

வாய்க்கு இப்போதுதான் வருகிறோம். ஒலி தவறுவது எல்லா மழலைக்கும் பொது. ‘க’வைத் ‘த’ ஆக்குவது அதில் ஒன்று. அந்த வயதில் காக்கா தாத்தாவாகிவிடுகிறது. ஜன்னலைக் காட்டி “தாத்தா!” என்கிறது குழந்தை. நாமும் சிரித்துக்கொண்டே “தாத்தாவா?” என்றால் கோபம் வருகிறது. “இல்லை! தாத்தா!” தன் வாயில் இரண்டும் ஒன்றுபோல வந்தாலும் காதில் வேறு வேறாகவே கேட்கின்றன. அந்தக் கோபம் நல்ல அறிகுறி. வேறுபாடே தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் குழந்தைக்கு நாக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. காதைத்தான் முதலில் பழக்க வேண்டும். வேற்று மனிதர்களுக்கு இரண்டு வயதில் பேச்சில் பாதியும், மூன்று வயதில் முக்கால் பங்கும், நாலைந்து வயதில் ஏறக்குறைய எல்லாமும் புரிய வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, மெய்யொலிகளில் பெரும்பாலானவை ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன என்கிறது. ழகரம் வராத பெரியவர்கள் மேடையேறிப் பேசுவதைப் பார்க்கிறோம். நாலு வயதுக் குழந்தையை ‘வாழைப்பழம்’ சொல்லச்சொல்லி வதைக்க வேண்டியதில்லை.

நாக்கின் அடியில் இருக்கும் தசைநாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேசாத குழந்தைக்கு ‘நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடும்’ என்பது பலருடைய முதல் ஊகம். பால் குடிப்பதில் அது தொல்லை தரலாம், சில ஒலிகளில் இடறலாம். ஒட்டிய நாக்கு குழந்தையைச் சொற்களே இல்லாமல் ஆக்காது. ஒரு சொல்லும் பேசாத குழந்தையின் சிக்கல் நாக்கின் அடியில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உண்மையிலேயே வாயை ஆட்டிவைப்பதில் சிக்கல் வரும் குறைபாடு ஒன்று இருக்கிறது; அரிது. தசை பலமாக இருக்கும், சொல்லும் தெரியும். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்ற திட்டத்தை மூளை போட்டுத் தருவதில் தடுமாறும். ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னால் மூன்று விதமாக வரும். லண்டனில் மூன்று தலைமுறைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருந்த ஒரு குடும்பத்தை 1990இல் விவரித்தார்கள். ஆய்வுலகம் அதைக் ‘கேஇ’ குடும்பம் என்றே குறிக்கிறது. இலக்கணத்துக்கென்றே ஒரு மரபணு கிடைத்துவிட்டது என்று அப்போது பெரும் ஆரவாரம். நெருங்கி ஆராய்ந்தபோது, முகத்தசைகளை நுட்பமாக ஒருங்கிணைத்து அசைப்பதிலேயே சிரமம் இருப்பது தெரிந்தது. 2001இல் பிடிபட்ட ஃபாக்ஸ்பி2 என்ற மரபணு மொழிக்கான ஒற்றைச் சாவி அல்ல. பேச்சுத் தாமதம் உள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் அது சீராகவே இருக்கிறது. ஆயினும் ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அந்தக் குடும்பம் உதவியது.

அந்தக் கூண்டில் அதிக நாள் நின்றவர்கள் திக்கிப் பேசும் குழந்தைகளின் பெற்றோர். “ப-ப-ப-பந்து” என்று எழுத்து திரும்பத் திரும்ப வரும்; அல்லது “ம்ம்ம்மாமா” என்று நீளும்; அல்லது வாய் திறந்தபடி ஒலியே வராமல் அடைத்து நிற்கும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், சொற்கள் வெள்ளமாகப் பெருகும் பருவத்தில் தொடங்குவது வழக்கம். நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கடக்கிறார்கள். நாலில் மூன்று பேருக்குத் தானாகவோ பயிற்சியாலோ மறைகிறது. பெரியவர்களில் எஞ்சுவது நூற்றுக்கு ஒருவர். பெற்றோர் குறைசொல்லிச் சொல்லித்தான் திக்குவாய் உருவாகிறது என்பது அயோவா பல்கலைக்கழகத்தின் பேச்சு ஆய்வாளர் வெண்டெல் ஜான்சனின் கொள்கை. அதைச் சோதிக்க 1939இல் அயோவாவில், அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி ஓர் அனாதை இல்லத்தின் 22 குழந்தைகளைக் கொண்டு ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம் ‘உன் பேச்சில் கோளாறு, திக்க ஆரம்பித்துவிட்டாய்’ என்று சொல்லிவந்தார்கள். அவர்களுக்குத் திக்குவாய் உண்டானதற்குச் சான்று இல்லை. வாயைத் திறக்கவே தயங்கும் பிள்ளைகளாகச் சிலர் மாறினார்கள். பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது.

திக்குதலின் வேர் மரபிலும் மூளையின் இணைப்பிலும் இருக்கிறது என்பதே இன்றைய அறிவு. கொடூரமான அந்த ஆய்வு, அதை நடத்தியவர்கள் எண்ணாத ஒன்றைக் காட்டிவிட்டது: குறை சொல்வது திக்குதலை உண்டாக்காது, பேசும் ஆசையைக் கொல்லும். “மெதுவாகச் சொல்”, “மூச்சு விட்டுச் சொல்” என்பவை அன்பாகச் சொல்லப்பட்டாலும் குழந்தைக்குக் கேட்பது “நீ பேசுவது தவறு” என்பதுதான். நம் பேச்சை நாம் மெதுவாக்கலாம். குழந்தை அடைத்து நிற்கும் நேரத்தில் கண்ணை எடுக்காமல், சொல்லை எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை முகத்தைச் சுளித்து, காலைத் தட்டிப் போராடத் தொடங்கினாலோ பயிற்சியாளரிடம் போய்விட வேண்டும்.

மற்ற சில வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்கு, காற்று மூக்கு வழியே கசிந்து பேச்சு மூக்கால் வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பயிற்சி தேவைப்படலாம். கத்திக் கத்திக் குரல்நாணில் காய்ப்பு விழுந்து கரகரக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாத குழந்தை அடம்பிடிப்பதில்லை, அதைக் கட்டிப்போடுவது பயம்.

இரண்டு மொழி பேசுவதால் குழந்தை குழம்புகிறது என்று சொல்லித் தாய்மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. இருமொழிக் குழந்தையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டிலும் தெரியும், ஒன்றைப் பறித்தால் மற்றது வளராது. கைபேசித் திரை பற்றிய கவலை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. திரை விழுங்குவது உரையாடலுக்கான நேரத்தை. குழந்தை விரல் நீட்டித் திரும்பிப் பார்க்கும்போது திரை திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாக் குறைபாட்டையும் கைபேசியின் தலையில் கட்டுவதும் சரியில்லை. அதைப் பிடுங்கிவைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்கள் செவிச் சோதனையையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறார்கள்.

சிகிச்சை அறைக்குள் எட்டிப்பார்க்கும் பெற்றோருக்கு முதலில் ஏமாற்றம். பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பார். “இதை வீட்டிலேயே செய்யலாமே” என்று தோன்றும். செய்யலாம், செய்யத்தான் வேண்டும், வாரத்தில் ஒரு மணி நேரம் மொழியைக் கற்றுத்தரப் போதாது. ஆனால் அந்த விளையாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். “இது என்ன? என்ன நிறம்? சொல், சொல்” என்ற விசாரணை அங்கே இல்லை. குழந்தை காரைத் தள்ளினால் “கார் போகிறது” என்கிறார். குழந்தை “கா போ” என்றால் திருத்தாமல், “ஆமாம், கார் போகிறது. வேகமாகப் போகிறது” என்று ஒரு படி கூட்டித் திருப்பித் தருகிறார். பிறகு வாயை மூடிக்கொள்கிறார். மனதுக்குள் ஐந்து எண்ணும் நேரம். வீட்டுப் பெரியவர்களுக்கு மிகக் கடினமான பகுதி அதுதான். ஐந்து நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் கேள்வியையும் பதிலையும் நாமே சொல்லி முடித்துவிடுகிறோம்.

பேச்சு வரவே நாளாகும் குழந்தைகளுக்குப் படப்பலகையோ சைகையோ தட்டினால் பேசும் கருவியோ கொடுப்பார்கள். “இதைக் கொடுத்தால் பிறகு பேசவே மாட்டானே” என்ற அச்சம் இயல்பு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்குப் பேச்சு கூடவே செய்கிறது. தன் விருப்பம் பிறருக்குப் போய்ச்சேருகிறது என்று தெரிந்த குழந்தை அதற்குப் பிறகுதான் முயற்சி செய்கிறது.

முன்னேற்றத்தை எதில் பார்ப்பது? பெற்றோர் புதுச் சொற்களை எண்ணிக்கொண்டு வருவார்கள்; பயிற்சியாளர் அவற்றைக் குறித்துக்கொள்வார். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளையிடம் அவர் காத்திருப்பது வேறொன்றுக்கு. எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பையனிடம் ஒருநாள், கைகளை மடியில் வைத்தபடி, “பெரிய பெட்டிக்கும் சின்னப் பெட்டிக்கும் நடுவில் காரை வை” என்கிறார். பையன் காரை எடுக்கிறான். வழக்கம்போலப் பெட்டிக்குள் போடப் போகிறான். கை நிற்கிறது. நிமிர்ந்து பார்த்து, “எங்கே? மறுபடியும் சொல்லுங்கள்” என்கிறான்.